நாற்பது நிமிடம் படிப்பவர்

பழைய மெயில் சர்வருக்கு இன்னும் எழுபத்தேழு மணி நேரம் இருந்தது.

இது வகுத்து எடுத்த கணக்கு. சர்வரில் இரண்டு டிஸ்க்குகள். ஒன்று நான் வேலைக்குச் சேரும் முன்பே செத்துவிட்டது. மற்றதில், கெட்டுப்போகும் இடங்களுக்கு ஈடாகக் கொஞ்சம் உதிரி இடம் வைத்திருப்பார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நூற்று ஐம்பத்து நான்கு மிச்சம். மணிக்கு இரண்டு வீதம் தீர்ந்துகொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணியோடு சரி. வரைபடத் தாளில் கோடு போட்டு ஜி.எம்.மிடம் எடுத்துப்போனேன்.

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் எதுவும் இல்லை.

"கோடு நேரா இருக்கு. நல்லா வரைஞ்சிருக்கே."

"சார், வெள்ளிக்கிழமைக்குள்ள புது சர்வருக்கு மாத்தணும்."

"என்ன?"

நான் பேசுவது பெரும்பாலும் எனக்கு மட்டும்தான் கேட்கும். இன்னொரு தடவை சொன்னேன்.

"மாத்தலாமே. யார் வேணாம்னா? மேலாய்வாளர் அனுமதியை வாங்கு, மாத்து."

நாங்கள் குழாய் வால்வு செய்கிறோம். நான்கு ஊர்களில் கிளைகள், இருநூற்றுப் பன்னிரண்டு மெயில் பெட்டிகள். இதில் ஒரு பெட்டி மேலாய்வாளருடையது. நாற்காலி வாங்குவது, விடுப்பு, பதவி உயர்வு, லிஃப்டுக்கு எண்ணெய் விடுவது, எதுவானாலும் அவருக்கு எழுத வேண்டும். சரியாக நாற்பது நிமிடத்தில் பதில் வரும். பதில் இரண்டே வகை. 'திருத்தி அனுப்பவும்.' அல்லது 'ஒப்புதல் அளிக்கப்படுகிறது.' முதல் கடிதம் எப்போதும் திரும்பிவிடும். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. முதல் கடிதம் திரும்பாத ஒருவர் இந்த நிறுவனத்தில் இருந்ததில்லை.

"மூணு வரி லீவு லெட்டரா இருந்தாலும் நாற்பது நிமிஷம் படிப்பார். முந்நூறு பக்க அறிக்கையா இருந்தாலும் அதே நாற்பது நிமிஷம். பெரியவன் சின்னவன் பேதமே அவர்கிட்ட கிடையாது" என்றார் ஜி.எம். அதைச் சொல்லும்போது அவருடைய கண் லேசாகக் கலங்கியது.

திங்கட்கிழமைகளில் மட்டும் பதில் வர ஒன்றரை மணி நேரம் ஆகும். அன்று அவருக்குக் கோபம் என்று பேச்சு. திங்கட்கிழமைகளில் நான்கு கிளைகளும் படங்களோடு வாராந்தர அறிக்கை அனுப்பும், சர்வர் மூச்சு வாங்கும். இதை நான் சேர்ந்த முதல் மாதம் சொல்லிப் பார்த்தேன். "அப்படி வெளியில சொல்லாதே, அவர் காதுக்குப் போயிடும்" என்றார்கள்.

அனுமதிக் கடிதம் எழுதுவதற்கு கமா சார் வந்தார். பதவிப் பெயர் நடை ஆலோசகர். ஏழு வருடம் முன்பு, திரும்பி வந்த தன் கடிதத்தில் ஒரு கமாவை மட்டும் இடம் மாற்றி அனுப்பி ஒப்புதல் வாங்கியவர். அன்றிலிருந்து அந்தப் பெயர். மாதம் இரண்டு முறை வகுப்பு எடுக்கிறார்.

'தங்கள் பெட்டியைப் புதிய சர்வருக்கு மாற்ற அனுமதி வேண்டுகிறோம்' என்று எழுதியிருந்தேன்.

"மாற்ற-ன்னா? யாரு யாரை மாத்தறது? அவருக்கு நீ டிரான்ஸ்பர் போடுறியா?"

"பெட்டியைத்தான் சார்."

"பெட்டி வேற, அவர் வேறயா?"

'தாங்கள் புதிய சர்வருக்கு எழுந்தருள' என்று திருத்தினார். இரண்டரை மணிக்கு அனுப்பினோம். டிஸ்க் தடுமாறியதால் பதில் ஐந்து மணிக்குத்தான் வந்தது. திருத்தி அனுப்பவும்.

"உடம்பு சரியில்லையோ என்னவோ" என்றார் ஜி.எம். கவலையாக.

என் சர்வர் அறை ஒரு காலத்தில் காகிதக் கட்டுகள் வைத்திருந்த இடம். ஏ.சி. சொட்டும், கீழே ஒரு வாளி. ஒரு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தொலைபேசி இணைப்பு அறை. அங்கே ஆபரேட்டர் அக்கா. எல்லா மாடிகளுக்கும் அறிவிப்புச் சொல்கிற மைக்கும் அவர் மேசையில்தான் இருக்கிறது, பக்கத்தில் சிவப்பு சுவிட்சோடு. மேசையின் மூலையில் மெயில் பார்க்க ஒரு பழைய கம்ப்யூட்டர்.

"ஏண்டி பாப்பா, நீ பேசாம இந்த மைக்கைக் கழுத்துல கட்டிக்கிட்டு அலையேன். அப்பவாவது நீ என்ன சொல்றேன்னு கேக்கும்" என்பார் என்னைப் பார்க்கும்போதெல்லாம்.

தினமும் ஒன்றேகால் மணிக்கு அக்கா வேறு ஊருக்கு ஒரு போன் போடுவார். அங்கே நாத்தனார் வீட்டில் அவர் கணவர் இருக்கிறார். மூன்று வருடம் முன்பு பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. நாத்தனார் அவர் காதில் ரிசீவரை வைப்பார். சாப்பிட்டிருந்தால் அவர் விரலால் ஒரு தட்டு தட்டுவார், இல்லையென்றால் இரண்டு. அக்கா அதற்கு மேல் அவராகவே பேசிக்கொள்வார். அன்று பதினொரு நிமிடம் பேசினார். மேசை விசிறி கெட்டது, முருங்கை விலை, நான் கோடு போட்ட தாள், எல்லாம்.

அந்த ஊரிலும் எங்களுக்குக் கிளை இருக்கிறது. அந்தக் கிளையின் ஆபரேட்டர் வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறார். மாலை ஐந்து மணிக்குள் அந்த இடத்துக்கு ஒருவர் உத்தரவோடு பெயர் கொடுக்காவிட்டால், இனி ஆள் வேண்டாம், தானாகப் பதில் சொல்லும் இயந்திரம் வைத்துவிடலாம் என்று முடிவு. இயந்திரம் ஏற்கெனவே வந்து பெட்டி பிரிக்காமல் இருக்கிறதாம்.

மூன்று வருடத்தில் அக்கா ஏழு முறை மாறுதல் கேட்டு எழுதியிருந்தார். ஏழும் திரும்பிவிட்டன. எட்டாவதைப் புதன்கிழமை காலை அனுப்பினார்.

"இந்தத் தடவை ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன். விரலால தட்டுறது உள்பட. கொஞ்சம் வெட்கமாத்தான் இருக்கு. ஆனா எல்லாத்தையும் படிக்கிற மனுஷன். தெரிஞ்சுக்கட்டுமே."

அதே புதன்கிழமை காலை ஒன்பது மணி முதல் பன்னிரண்டு வரை, எழுந்தருளல் கடிதத்தில் எந்தச் சொல் மேலாய்வாளரைப் புண்படுத்தியது என்று கூட்டம் நடந்தது. பதினான்கு பேர். 'புதிய' என்ற சொல்தான் என்று ஒரு கட்சி. அது இப்போதிருப்பதைப் பழையது என்று குத்திக்காட்டுகிறது. 'சர்வர்' என்பது ஓட்டலை நினைவூட்டுகிறது என்று இன்னொரு கட்சி. அந்த மூன்று மணி நேரத்தில் ஆறு உதிரி இடங்கள் போயின. முடிவில் கமா சார் எல்லோரையும் கையமர்த்தினார். திரும்பி வந்த மெயிலிலேயே பதில் என்ற பொத்தானை அழுத்தினார். 'தாங்கள்' என்பதற்குப் பின் ஒரு கமா வைத்தார். அனுப்பினார்.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒப்புதல் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். ஒருவர் கமா சாரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அக்காவின் எட்டாவது கடிதம் அதே நேரத்தில் திரும்பி வந்திருந்தது. அவர் ஒரு அழைப்பை மூன்றாம் மாடிக்குக் கொடுத்துவிட்டு, புது வெள்ளைத் தாளை எடுத்து ஒன்பதாவதற்குக் குறிப்பெழுத ஆரம்பித்தார்.

பெட்டிகளை நகலெடுப்பது சிரமமில்லை. சிரமம் விதிகளில். அவரவர் தங்கள் பெட்டிக்கு விதி போட்டு வைத்திருப்பார்கள். இன்னாரிடமிருந்து வந்தால் இங்கே போடு, லீவில் இருந்தால் இப்படிப் பதில் அனுப்பு என்பதுபோல. பழைய சர்வரின் விதிகள் புதியதற்குப் புரியாது. ஒவ்வொன்றாகத் திறந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, அந்தப் பக்கம் கையால் போட வேண்டும். புதன்கிழமை மாலை நான்கரை மணிக்கு மேலாய்வாளர் பெட்டிக்கு வந்தேன். உள்ளே ஒரே ஒரு விதி. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

'விதியின் பெயர்: இரண்டு வாரத்துக்கு மட்டும். வரும் மெயிலின் தலைப்பு "பதில்:" என்று தொடங்கினால், ஒப்புதல் அளிக்கப்படுகிறது என்று அனுப்பு. தொடங்காவிட்டால், திருத்தி அனுப்பவும் என்று அனுப்பு. நாற்பது நிமிடம் கழித்து அனுப்பு.'

எழுதி முடித்த பிறகுதான் படித்தேன்.

விதி போட்ட தேதி ஒன்பது வருடம் நான்கு மாதம் முன்பு. ஒரு மனிதக் கை கடைசியாக அந்தப் பெட்டியைத் திறந்ததும் அதே நாள்தான், மாலை நான்கு பத்துக்கு. யாரோ லீவுக்குப் போயிருக்கிறார். திரும்பி வரவில்லை. வந்த மெயில்கள் எண்பத்தோராயிரத்துச் சொச்சம். அத்தனையும் படிக்கப்படாதவை என்று தடித்த எழுத்தில் நின்றன.

ஒரு முறை பார்த்ததை முடிவாக எழுதக் கூடாது என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை காலை மற்ற மூன்று கிளைகளுக்கும் போன் செய்தேன்.

"மேலாய்வாளர் உங்க ஆபீஸ்லதானே உக்கார்றார்?"

"இல்லையே, உங்க ஊர்லதானே?" என்றது முதல் கிளை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கிளையில் பேசியவர், "அவர் அறையை நாங்க தினமும் பெருக்கி வைக்கிறோம், எப்ப வேணா வருவார்" என்றார்.

ஆக, எந்த ஊரிலும் ஆள் இல்லை, தலைப்பு மட்டும்தான் விஷயம். திரும்பி வந்ததற்கே பதில் பொத்தானை அழுத்தினால் சர்வர் தானாகவே தலைப்பின் முன்னால் 'பதில்:' என்று போட்டுவிடும், ஒப்புதல் வந்துவிடும். சோம்பேறிகள் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். ஒரு எழுத்தை மாற்றினார்கள், அனுப்பினார்கள், வாங்கினார்கள். அக்காவோ திருத்தச் சொன்னதும் உண்மையாகவே திருத்தினார். ஒவ்வொரு முறையும் முதல் வரியிலிருந்து புதிதாக, புதுத் தலைப்போடு எழுதினார்.

சொல்லியிருக்கலாம். சொன்னால், ஒன்பது வருடமாக இங்கே ஒப்புதல் பெற்ற எதையும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்றாகும். ஜி.எம். ஜி.எம். ஆனது. கமா சாரின் வகுப்புகள். என் வேலை நிரந்தரமானது, அதுவும் இரண்டாவது மெயிலில். நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அக்காவிடம் போனேன்.

"அக்கா, ஒன்பதாவது எழுதாதீங்க. திரும்பி வந்திருக்குல்ல, அதுலயே பதில் பட்டனை அழுத்தி அப்படியே அனுப்புங்க."

"ஒண்ணும் திருத்தாமலா?"

"ஒண்ணும் வேணாம்."

"அவர் திருத்துன்னு சொல்லியிருக்கார். நான் அதையே திருப்பி அவர் மூஞ்சில வீசுறதா? ஏண்டி, நல்லா இருக்கா இது?"

"எனக்காக ஒரு தடவைக்கா."

"ஏன்னு சொல்லு, செய்யறேன்."

"சர்வர்ல ஒரு பழக்கம் இருக்கு" என்றேன். பொய்யில்லை.

அக்கா குறிப்பெழுதிய தாளை மடித்து வைத்தார். சரி என்றார். மாலை நான்கு மணிக்கு, அனுப்பியாயிற்று என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டைவிரலைக் காட்டினார். நகலெடுப்பில் டிஸ்க் திணறியதால், வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குத்தான் அது திரும்பி வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். தலைப்பில் 'பதில்:' இல்லை. 'பணிவான வேண்டுகோள்' என்றிருந்தது.

"அதை எடுத்துட்டேன். பெரியவருக்கு நான் பதில் சொல்றதாவது? அவருல்ல எனக்குச் சொல்லணும்" என்றார்.

அழுகை வரும்போல் இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, இந்தத் தடவை எதையும் எடுக்காதீங்க. ரெண்டு மணிக்குள்ள அனுப்பிடுங்க. நான் வேற எதையும் உங்ககிட்ட கேக்க மாட்டேன்."

"உனக்கு என்னடி ஆச்சு? கை இப்படிச் சில்லுன்னு இருக்கு." அதற்குள் நான்கு அழைப்புகள் ஒன்றாக வந்தன. காதில் போனை மாட்டிக்கொண்டே தலையாட்டினார்.

மேலாய்வாளரின் விதியை மட்டும் நானே புது சர்வரில் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். நினைத்தது உண்மை. இரண்டு நிமிட வேலை. அக்காவுக்கு மாறுதல் வந்துவிடும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம், இன்னொரு ஒன்பது வருடம் ஓடும். ஆனால் பன்னிரண்டு மணிக்கு ஜி.எம். வந்துவிட்டார், பின்னால் கமா சாரும் பாதுகாப்பு அதிகாரியும்.

"அவர் பெட்டியில நம்ம கை படக் கூடாது. நகல் முடிஞ்சுதா? பாஸ்வேர்டை மாத்து. இந்தத் தாள்ல எழுது. நாங்க திரும்பி நிக்கிறோம்."

மூன்று பேரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். கம்ப்யூட்டரே போட்டுத் தந்த, மனதில் நிற்காத இருபத்து நான்கு எழுத்துகளை எழுதி உறையில் போட்டேன். அரக்கு வைத்து மூவரும் கையெழுத்திட்டார்கள். இனி மூவரும் சேர்ந்துதான் பிரிக்கலாம். அதற்கும் மேலாய்வாளர் ஒப்புதல் வேண்டும். அவருடைய விதி புது சர்வரில் ஏறாமலே போயிற்று.

"ஒரு நாகரிகமான நிறுவனத்துக்கு அடையாளம் என்ன தெரியுமா? மேல இருக்கறவரை நாம பார்க்கவே கூடாது. பார்த்துட்டா மரியாதை குறைஞ்சிடும்" என்றார் ஜி.எம். ஏ.சி. வாளியில் சொட்டியது.

என் கோடு தவறு. மணிக்கு இரண்டு என்பது சும்மா இருக்கும் டிஸ்க்குக்கு. நகலெடுத்த இரண்டு நாளும் நான்தான் அதை விரட்டி வேலை வாங்கினேன், அது கோட்டை விட வேகமாகத் தேய்ந்தது. பரீட்சையில் இதற்கு மதிப்பெண் குறைப்பார்கள். ஒன்று இருபதுக்கு டிஸ்க்கிலிருந்து பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. பிறகு சத்தமே இல்லை. எல்லாப் பெட்டிகளையும் புது சர்வருக்குத் திருப்பிவிட்டேன். எவர் பெட்டியிலும் ஒரு கடிதம்கூடத் தொலையவில்லை. என் வேலையில் நான் பெருமைப்படக்கூடிய ஒரே நிமிடம் அது. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா ரிசீவரைக் காதில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு தட்டு போலிருக்கிறது. ஒன்று இருபத்தாறுக்குப் போனை வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் மவுஸைப் பிடித்து, பதில் பொத்தானை அழுத்தி, எதையும் எடுக்காமல் அனுப்பினார். கட்டைவிரலைக் காட்டினார்.

இரண்டு ஆறு ஆயிற்று. பதில் இல்லை. மூன்று மணி ஆயிற்று. நான்கு கிளைகளிலும் யாருக்கும் எதற்கும் பதில் இல்லை.

மூன்றரைக்கு அவசரக் கூட்டம். ஒரே நாளில் ஒப்புதல் வராத கடிதங்கள் முப்பத்தெட்டு. பதினான்கு பேரும் வெளுத்திருந்தார்கள்.

"கோபமா?" என்றார் ஜி.எம்.

"கோபம்னா திருத்துன்னு வரும். இது அதுக்கும் மேல" என்றார் கமா சார். "புது இடத்துல அவருக்கு மனசு விரிஞ்சிருக்கு. இனிமே சொல்ல வேண்டியதில்ல, நாமதான் உணரணும். அடுத்த மாசத்துலேர்ந்து அதுக்கு ஒரு வகுப்பு வெச்சிடலாம்."

"அப்ப பதில் வரலேன்னா என்ன அர்த்தம்னு முடிவு பண்ணுவோம். எனக்கு ஒரு ஒழுங்கு வேணும். பதில் வராதது மறுக்கப்பட்டது. சரியா? எழுதிக்கோங்க." ஜி.எம். பட்டியலை எடுத்தார். "ஒண்ணு, லிஃப்ட் எண்ணெய். மறுக்கப்பட்டது. ரெண்டு, ஆபரேட்டர் மாறுதல். மறுக்கப்பட்டது. அந்தக் கிளைக்குச் சொல்லிடுங்க, மெஷினைப் பிரிச்சு மாட்டட்டும்."

நான் எழுந்து நின்றேன். நாற்காலி கிறீச்சிட்டது. அது எல்லோருக்கும் கேட்டது.

"சார், அங்க யாரும் இல்ல."

"என்னம்மா?"

"பெட்டியில... யாரும் இல்ல சார்."

"சத்தமா சொல்லும்மா. புது சர்வர் நல்லா ஓடுதுங்கறியா?"

"கம்ப்யூட்டர் செக்‌ஷனும் ஒத்துக்கறாங்க" என்றார் குறிப்பெடுப்பவர், எழுதியபடி.

"உக்காரும்மா. நல்ல வேலை செஞ்சிருக்கே. மூணு, முதல் மாடி நாற்காலி."

நான் உட்காரவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். யாரும் கூப்பிடவில்லை. படிக்கட்டில் இரண்டு மாடி இறங்கினேன். கைக்கடிகாரத்தில் நான்கு நாற்பத்தொன்று.

அக்கா மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசையைத் துடைத்து, சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"இன்னும் வரல. இவ்வளவு நேரம் படிக்கிறார்னா நல்லதுக்குத்தான்னு தோணுது. கிடைக்கலேன்னாலும் போகட்டும் பாப்பா. மூணு வருஷமா எங்க வீட்டுக் கதையை ஒருத்தர் உக்காந்து நாற்பது நாற்பது நிமிஷமா படிச்சாரே. சொந்தக்காரங்க கூட அவ்வளவு நேரம் கேட்டதில்ல."

பையிலிருந்து நோட்டை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். பக்கத்தைத் திறந்தேன். படிக்கட்டும் என்று நினைத்தேன். அவருக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது. கண்ணாடி பைக்குள், டப்பாவுக்கு அடியில் இருந்தது.

"என்னது இது? நீயே சொல்லேன்."

"அக்கா, மைக்கைக் கொஞ்சம் தாங்க."

"எதுக்கு? யாருக்காவது அறிவிப்பா?"

"எல்லாருக்கும்."

அவர் நகர்ந்து இடம் விட்டார். சிவப்பு சுவிட்சை அழுத்தினேன். முதலில் என் மூச்சுதான் கேட்டது. தலைக்கு மேலே, வராந்தாவில், மூன்று மாடிகளிலும், கூட்ட அறையிலும் நான் மூச்சு விட்டேன். மேலே எங்கோ ஒரு நாற்காலி நகர்ந்தது.

"கம்ப்யூட்டர் செக்‌ஷன்லேர்ந்து பேசறேன்" என்றேன். என் குரல் எனக்கே பழக்கமில்லாததாக இருந்தது. "மேலாய்வாளர்னு யாரும் இல்ல. ஒன்பது வருஷம் நாலு மாசமா அந்தப் பெட்டியை யாரும் திறக்கல. லீவுக்குப் போன ஒருத்தர் போட்டுவச்ச ரெண்டு வரிதான் நமக்கெல்லாம் பதில் அனுப்பிட்டிருந்துது."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்ல மைக் தேவையில்லை. ஆனால் சுவிட்சிலிருந்து என் விரல் வரவில்லை.

"அக்கா, உங்க லெட்டரை யாரும் மறுக்கல. யாரும் படிக்கவே இல்ல."